எந்தப் பக்கம்? நாவல் படிக்க இணையத்தில் துணை தேடும் முறை

மாலை வகுப்பில் முதுகலை மாணவர்களுக்கு நாவல் பாடம் எடுக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நடத்தத் தொடங்கிய முதல் நாள், பலகையில் ஒரு மேற்கோளை எழுதிப்போட்டுத்தான் ஆரம்பித்தேன். நாவலின் நாயகன் விக்டர் பிராங்கன்ஸ்டைன் உயிர் கொடுத்து உண்டாக்கிய உருவம் பேசுவதாக வரும் வரிகள் அவை. என்னுள் இருக்கும் அன்பை உன்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது, என்னுள் இருக்கும் ஆத்திரத்தை நீ நம்பவே மாட்டாய், ஒன்றுக்கு வழியில்லை என்றால் மற்றதைக் கட்டவிழ்த்துவிடுவேன் என்ற பொருளில் போகும். மேற்கோள்களைத் தொகுத்துப் போடும் பக்கங்களில் பார்த்து எடுத்தது. கீழே மேரி ஷெல்லி என்று பெயரும் போட்டிருந்தது. வகுப்பு முடிகிற நேரம் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், இது எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"பார்த்துச் சொல்கிறேன்மா" என்றேன். அன்று இரவு பதினொன்று வரை தேடினேன், கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது நாவலிலேயே இல்லை. 1994-இல் கென்னத் பிரானா இயக்கிய திரைப்படத்தின் வசனம் அது. நாவலில் இதற்குக் கிட்டத்தில் வரும் வரி வேறு. என்னால் அன்பை எழுப்ப முடியாவிட்டால் அச்சத்தை உண்டாக்குவேன் என்று அந்த உருவம் விக்டரிடம் சொல்கிறது. படத்தின் வசனத்தைவிடச் சின்னது, சத்தமும் குறைவு. எனக்கு அதுதான் நல்ல வரியாகவும் படுகிறது.

மறுநாள் வகுப்பில் தவறை ஒத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இணையத்தில் எதைப் பார்த்தாலும் அந்தப் பெண்ணின் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தேடிப் பழகியதில் கிடைத்தவை. எல்லாவற்றுக்கும் இந்த ஒரே நாவலை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு நாவல் படித்தாலும் வழி இதுதான்.

நாவலை ஒரு தடவை தனியாகப் படித்து முடிக்கும்வரை இணையத்தைத் திறக்காதீர்கள். இது ஒழுக்க போதனை இல்லை, நேரக் கணக்கு. படிக்காமல் தேடினால் எது சரி, எது பிசகு என்று பிரிக்க உங்கள் கையில் அளவுகோலே இருக்காது. படிக்கும்போது ஓரத்தில் கேள்விகளை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். 'இந்த உருவம் இவ்வளவு நன்றாகப் பேச எங்கே கற்றது?', 'கதையை ஏன் கப்பலில் போகிற ஒருவனின் கடிதங்களில் தொடங்குகிறார்?' மாதிரி. பிறகு தேடப்போவது இந்தக் கேள்விகளைத்தான். கேள்வி இல்லாமல் தேடுகிறவருக்கு 'மையக் கருத்துகள்', 'பாத்திரப் பட்டியல்' என்று எல்லா நாவலுக்கும் பொருந்துகிற ஒரே சரக்குதான் கிடைக்கும்.

எந்தப் பதிப்பு?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். மாணவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான்.

'பிராங்கன்ஸ்டைன்' 1818 ஜனவரி முதல் தேதி, மூன்று பாகங்களாக, ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவந்தது. 1823-இல் இரண்டு பாகமாக வந்த மறுபதிப்பில்தான் மேரி ஷெல்லி என்ற பெயர் ஏறியது. 1831-இல் அவரே திருத்தி, புதிதாக ஒரு முன்னுரையும் எழுதி, ஒரே நூலாக வெளியிட்டார். திருத்தம் என்றால் காற்புள்ளி, அரைப்புள்ளித் திருத்தம் இல்லை. 1818-இல், விக்டர் மணக்கும் எலிசபெத் அவனுக்குச் சொந்த அத்தை மகள். 1831-இல் அவள் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்த அநாதைக் குழந்தை. விக்டரின் அம்மா பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வந்து வளர்க்கிறாள். உறவுக்குள் திருமணம் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுகிறார், கையில் இருப்பதோ 1831 என்றால், கட்டுரையின் அடித்தளமே போயிற்று.

இலவசமாகக் கிடைக்கும் மின்னூல்கள் பலவற்றில் எந்த ஆண்டுப் பதிப்பு என்று போட்டிருக்காது. நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தியாயங்களை எண்ணுங்கள். 1818 பதிப்பில் ஒவ்வொரு பாகத்திலும் எண்கள் ஒன்றிலிருந்து தொடங்கும். ஏழு, ஒன்பது, ஏழு என்று மொத்தம் 23 அத்தியாயம். 1831-இல் முதல் அத்தியாயம் இரண்டாகப் பிரிந்து, ஒரே ஓட்டத்தில் 24 வரை போகும். அந்த உருவம் கண் திறக்கும் நவம்பர் இரவு 1818-இல் முதல் பாகத்தின் நான்காம் அத்தியாயம். 1831-இல் அதே காட்சி ஐந்தாம் அத்தியாயம். ஆக, ஓர் ஆய்வுக் கட்டுரை 'நான்காம் அத்தியாயத்தில்' என்று சொல்லி, உங்கள் புத்தகத்தில் அது ஐந்தில் இருந்தால், கட்டுரை தப்பு என்று உடனே தள்ளிவிடாதீர்கள். அவர் வேறு பதிப்பை வைத்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு மாணவர் தன்னிடம் இருப்பது 1818 பதிப்பு என்று சாதித்தார். கேட்டால், கன்ட்ரோல்-எஃப் போட்டு ஆங்கிலத்தில் 'கசின்' என்று தேடினாராம், எலிசபெத்தை அப்படி அழைக்கும் இடங்கள் வந்தனவாம். அந்தச் சொல் 1831-இலும் இருக்கிறது! வளர்ப்புப் பிள்ளையாக வந்த பிறகும், நாங்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம் என்று விக்டர் அங்கே சொல்கிறான். தேடல் பெட்டி சொல் இருக்கும் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். அந்தப் பத்தியையும் அதற்கு முந்தைய பத்தியையும் நாம்தான் படிக்க வேண்டும்.

சரி, நாவலின் நல்ல பாடம், அதாவது நம்பகமான மூல எழுத்து, எங்கே கிடைக்கும்? காப்புரிமை முடிந்த நாவல் என்றால் முதலில் குட்டன்பெர்க் திட்டம் என்ற இலவச மின்னூல் தளம். 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. இந்த நாவலுக்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் தனித்தனி எண்ணில் இருக்கின்றன. முதலில் கண்ணில் பட்டதை எடுக்காமல் எல்லாவற்றையும் திறந்து அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டாவது இன்டர்நெட் ஆர்கைவ். பழைய அச்சுப் புத்தகங்களையே பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். தலைப்புப் பக்கத்தையும் ஆண்டையும் கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். ஆனால் அந்தப் படங்களிலிருந்து கணினி தானாகப் பிரித்தெடுத்த எழுத்துகளை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்தை ஒன்றாகவும், புள்ளியை எழுத்தாகவும் படித்து வைத்திருக்கும். மேற்கோள் காட்டும் முன் படத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இந்த நாவலுக்கென்றே ஒரு புதையலும் இருக்கிறது. ஷெல்லி-காட்வின் ஆவணக் காப்பகம் என்ற தளத்தில் மேரி ஷெல்லியின் கையெழுத்துப் பிரதியையே பார்க்கலாம். அவர் எழுதியதும், கணவர் பெர்சி ஷெல்லி குறுக்கே திருத்தியதும் பக்கத்திலேயே பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். அந்த உருவத்துக்குத் தேர்ந்தெடுத்த அங்கங்களைப் பற்றி விக்டர் சொல்லும் இடத்தில், மேரி எழுதிய சொல்லுக்கு 'எடுப்பான தோற்றம்' என்று பொருள். பெர்சி அதை அடித்துவிட்டு 'அழகு' என்று பொருள்படும் சொல்லைப் போடுகிறார். அச்சில் வந்தது பெர்சியின் சொல். வகுப்பில் இந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினால் ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். 'நாவலைக் கணவர்தான் எழுதினார்' என்று எங்கேயோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. எது யார் கை என்று வரிவரியாகத் தெரிகிறது.

நீங்கள் படிக்கும் நாவலுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். எழுத்தாளர் பெயரோடு 'கையெழுத்துப் பிரதி', 'கடிதங்கள்', 'ஆவணக் காப்பகம்' என்று சேர்த்துத் தேடினால் போதும்.

தமிழ் நாவல் படிப்பவர்களுக்கு மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கின்றன. முன்னது தட்டச்சு செய்த பாடம். பின்னதில் பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தின் படங்கள், ஆகவே உள்ளே சொல் தேட முடியாமல் போகலாம். தட்டச்சுப் பாடத்தில் தேடும்போதும் முழுச் சொல்லை இடாதீர்கள். வேற்றுமை உருபு ஏறி, சந்தி சேர்ந்து, சொல்லின் வால் மாறியிருக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' வராது. முன்பாதியை மட்டும் இட்டுத் தேடுங்கள். தொடராக வந்து பிறகு நூலான நாவல் என்றால், நூலாக்கும்போது ஆசிரியர் எதையாவது வெட்டினாரா, சேர்த்தாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமகால நாவல்களுக்கு இந்தச் சுகம் கிடையாது. இலவசமாக வரும் கோப்புகள் பெரும்பாலும் திருட்டு, பக்கம் விடுபட்டும் இருக்கும். நூலகத்தில் இரவல் வாங்குங்கள்.

கதைச் சுருக்கத் தளங்கள்

ஸ்பார்க்நோட்ஸ், லிட்சார்ட்ஸ் போன்றவற்றை நான் தடை செய்வதில்லை. தடை செய்தால் ஒளித்துப் படிப்பார்கள். ஒரு அத்தியாயத்தை முடித்த பிறகு, 'நான் புரிந்துகொண்ட கதை சரிதானா' என்று பார்க்க அவை உதவும். கதைக்குள் கதை, அதற்குள் இன்னொரு கதை என்று போகும் இந்த மாதிரி நாவலில் யார் யாரிடம் பேசுகிறார் என்று குழம்பினால் தெளிவு கிடைக்கும். கருத்து தேடித்தான் அங்கே போகக் கூடாது. ஆயிரம் பேர் அதே கருத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். விடைத்தாள் திருத்துகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிகிறது.

பெயர் தெரியாத ஒரு தளத்தை எடைபோட, அந்த நாவலுக்கென்று இரண்டு மூன்று பொறிகளை வைத்துக்கொள்ளுங்கள். திரைப்படமான நாவல் என்றால் இது ரொம்பச் சுலபம். 'பிராங்கன்ஸ்டைன்' பற்றி எழுதியவர் மின்னல் வெட்டி உருவத்துக்கு உயிர் வந்ததாகச் சொல்கிறாரா? கூன் விழுந்த உதவியாளன் வருகிறானா? 'டாக்டர் பிராங்கன்ஸ்டைன்' என்கிறாரா? மூன்றும் திரைப்படங்கள் கொடுத்தவை. நாவலில் விக்டர் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரத்தில் படிக்க வந்த மாணவன். வீட்டின் உச்சியில் ஓர் அறையில் தனியாக வேலை செய்கிறான், உதவிக்கு ஆள் கிடையாது. உயிர் எப்படி வந்தது என்பதை அவன் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறான். ஆக, மின்னலையும் கூனனையும் சேர்த்து எழுதியவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

ஆனால் இந்தப் பொறியில் நாமே மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஒரு காலத்தில் நான் கொஞ்சம் மிடுக்கோடு 'இந்த நாவலில் மின்சாரமே கிடையாது' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் தவறு. சிறுவனாக இருக்கும்போது இடி விழுந்து ஒரு ஓக் மரம் சிதறுவதை விக்டர் பார்க்கிறான். 1818-இல் அவனுடைய அப்பா அது மின்சாரம் என்று விளக்கி, பட்டம் விட்டு மேகத்திலிருந்து மின்சாரம் இறக்கியும் காட்டுகிறார். 1831-இல் விளக்குவது வேறொருவர். கால்வனிசம், அதாவது மின்சாரம் உடலின் தசையை அசைக்கும் என்ற அந்தக் காலப் பேச்சும் அங்கே வருகிறது. அதாவது மின்சாரம் நாவலில் இருக்கிறது, உயிர் வரும் காட்சியில் மின்னல்தான் இல்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதும் தளம் கிடைத்தால் நம்பி இன்னும் நாலு பக்கம் படிக்கலாம். எழுதியவர் நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

'விமர்சகர்கள் கருதுகிறார்கள்' - யார் அந்த விமர்சகர்கள்?

இணையத்தில் நாவல் பற்றிய எழுத்தில் பாதி, பெயர் சொல்லாமல் கைமாறி வந்தது. 'இந்த நாவலைப் பிரசவம் பற்றிய கதையாகவும் பார்க்கலாம்' என்று பல பக்கங்களில் இருக்கும். யார் பார்த்தார்கள்? தேடிப்போனால் எல்லன் மோயர்ஸ் என்ற விமர்சகரிடம் வந்து சேர்வீர்கள். 1970-களில் எழுதியவர். குழந்தையைப் பெற்றும் இழந்தும் இருந்த இளம்பெண் எழுதிய கதை இது என்பதிலிருந்து அவர் தொடங்குகிறார். மூலத்தைப் படித்தால், இணையத்தில் ஒரு வரியாகச் சுருங்கிப்போன கருத்துக்குப் பின்னால் ஒரு வாதமும் அதற்கான ஆதாரமும் இருப்பது தெரியும். அதே நாவலைக் காலனியக் கோணத்திலிருந்து காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவக் 1985-இல் ஒரு கட்டுரையில் பேசினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், ஒரே புத்தகமா என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்திலிருந்துதான் உங்களுடைய சொந்தக் கட்டுரை பிறக்கும்.

மூலத்துக்குப் போக நான் பிடிக்கும் வழி விக்கிப்பீடியா. சிரிக்காதீர்கள். கட்டுரையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேராக அடிக்குறிப்புக்கு இறங்குவேன். எந்த விமர்சகர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, எந்த ஆண்டு, எந்த இதழ் என்று எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். விக்கிப்பீடியா வீட்டு வாசல் மாதிரி. வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பெயர்களை, ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் இட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழும் அதை மேற்கோள் காட்டிய பிற கட்டுரைகளுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதை அமுக்கினால் 1985-இல் சொன்னதற்கு 2015-இல் யார் மறுப்பு எழுதினார் என்று பிடித்துவிடலாம். வெறும் பட்டியலைவிட இந்தச் சண்டைதான் பயன் தரும். வலப்பக்கம் கோப்புக்கு இணைப்பு இருந்தால் கட்டுரையையே இறக்கிக்கொள்ளலாம். இல்லை என்றால் அதே வரியின் கீழ் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும், அதையும் பாருங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி இருக்கலாம். ஆய்விதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர் தளத்தில் தனி நபராகக் கணக்குத் தொடங்கினால் பல கட்டுரைகளைக் காசில்லாமல் திரையில் படிக்க முடியும். டிஓஏஜே என்ற பட்டியலில் இருக்கும் இதழ்கள் எல்லாமே திறந்த அணுக்கம்தான், எல்லோரும் படிக்கலாம்.

தேடும் சொல்லில்தான் முக்கால்வாசி வெற்றி. நாவல் பெயரும் 'தீம்' என்ற சொல்லும் சேர்த்தால் சுருக்கத் தளங்கள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் ஓரக்குறிப்புக் கேள்விக்கு வாருங்கள்: அந்த உருவம் மொழி கற்றது எப்படி? நாவலில் அது டி லேசி குடும்பத்தை மறைந்திருந்து கவனிக்கிறது. அந்த வீட்டு மகன் ஃபீலிக்ஸ், சேஃபி என்ற பெண்ணுக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்னியின் நூலை வைத்துப் பாடம் சொல்லும்போது சேர்ந்து கற்றுக்கொள்கிறது. இப்போது நாவல் பெயரோடு 'சேஃபி', 'வோல்னி' என்ற இரண்டு பெயரையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். முடிவுகளின் தரமே மாறிவிடும். புத்தகத்தின் உள்ளே இருக்கும் சின்னப் பெயர்தான் நல்ல தூண்டில்.

கட்டுரை கிடைத்ததும் முப்பது பக்கத்தையும் முதலிலிருந்து படிக்க உட்காராதீர்கள். சாரத்தையும் முதல் இரண்டு பக்கத்தையும் படியுங்கள். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்று அடிக்குறிப்பில் இருக்கும், அதைக் குறியுங்கள். பிறகு அவர் நாவலிலிருந்து காட்டும் மேற்கோள்களில் மூன்றை உங்கள் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள். அந்த வரி அங்கே அந்தப் பொருளில்தான் வருகிறதா? மூன்றும் நின்றால் கட்டுரையை உட்கார்ந்து படிக்கலாம்.

முகவரியை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. பல்கலைக்கழக முகவரியில் இருப்பது பேராசிரியரின் ஆய்வாகவும் இருக்கலாம், இருபது வயது மாணவர் கடைசி நாள் இரவில் எழுதி ஏற்றிய பயிற்சிக் கட்டுரையாகவும் இருக்கலாம். 'சர்வதேச' என்று நீளமாகப் பெயர் வைத்துக்கொண்டு காசு வாங்கிப் போடும் இதழ்களும் நிறைய. அவற்றைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. ஒரே இதழில் நாவல் விமர்சனமும் மண் பரிசோதனையும் இயந்திரப் பொறியியலும் சேர்ந்திருக்கும். கட்டுரை பாதி நாவலின் கதையையே சொல்லும். கடைசியில் 'இவ்வாறாக ஆசிரியர் மானுடத்தைச் சித்திரிக்கிறார்' என்று முடியும். எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் இருக்காது.

காணொளியும் சாட்பாட்டும்

காணொளி உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. நல்ல பேராசிரியர்களின் முழு வகுப்புகளே இலவசமாகக் கிடைக்கின்றன. நாவலைப் படித்து முடித்த களைப்பில் கேட்க இதமாக இருக்கும். எழுத்துவடிவம் கூடவே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் சொல் தேடலாம். பத்து நிமிடத்தில் நாவலை முடித்துவிடும் காணொளிகளில் பின்னால் ஓடும் காட்சிகள் திரைப்படத்திலிருந்து வரும். மனதில் அதுதான் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன பொறிகள் இங்கே இன்னும் அதிகம் வேலை செய்யும்.

செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டுகளிடம் கேட்காதே என்று சொன்னால் இன்று யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்கிறேன். இருநூறு வருடப் பழைய வாக்கியம் ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றால், அதைப் பிரித்துச் சொல்லச் சொல்வேன். ஒரு அத்தியாயத்தைக் கொடுத்து, இதிலிருந்து பத்துக் கேள்வி கேள் என்பேன். இரண்டுக்கும் நன்றாகவே உதவுகிறது. மேற்கோளும் ஆய்வுக் கட்டுரைப் பெயரும் கேட்டால்தான் ஆபத்து. இல்லாத வரியை மேரி ஷெல்லியின் நடையிலேயே தரும். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் போட்டுத் தரும். அந்தப் பக்க எண்ணைப் பார்த்ததும் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது, அங்கேதான் கவிழ்கிறோம். போன பருவத்தில் ஒருவர் சமர்ப்பித்த கட்டுரையில் ஏழு நூல்கள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. மூன்றை நான் எங்கே தேடியும் காணோம். கூப்பிட்டுக் கேட்டேன். "சாட்பாட் கொடுத்தது மேடம், பக்க எண்ணோடு இருந்ததால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்" என்றார். பக்க எண் இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பக்கத்தைத் திறக்கவும் வேண்டும். சாட்பாட் தரும் மேற்கோளில் அபூர்வமான சொல் ஒன்றைப் பிடித்து, குட்டன்பெர்க் பாடத்தில் தேடுங்கள். கட்டுரைப் பெயரைக் கூகுள் ஸ்காலரில் இடுங்கள். அரை நிமிட வேலை.

குறிப்பேடு

ஒரு நோட்டோ ஒரு கோப்போ, எதுவானாலும் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் எழுதுவது நாலு விஷயம். யார் எழுதியது, எங்கே, நான் பார்த்த தேதி, நாவலின் எந்த இடத்தை அது எனக்குத் திறந்து காட்டியது. கடைசி விஷயத்தை எழுத முடியவில்லை என்றால் அந்த இணைப்பைச் சேமிப்பதே இல்லை. முன்பெல்லாம் இருநூறு இணைப்பு சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றையும் திரும்பத் திறந்ததில்லை. இப்போது இந்த நாவலுக்கு இருப்பது பதினாலு.

இணைப்புகள் செத்தும் போகும். நான் வருடக்கணக்கில் பாடத்துக்குப் பயன்படுத்திய ஒரு தளம் ஒரு நாள் திறக்கவே இல்லை. முகவரி மட்டும் நோட்டில் இருந்தது. இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அதை இட்டுப் பார்த்தேன், பழைய பிரதி கிடைத்தது. இப்போது நல்ல பக்கம் கண்ணில் பட்டதும் நானே அங்கே ஒரு பிரதி சேமிக்கச் சொல்லிவிடுகிறேன். முகவரியை ஒட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

எப்போது தேடலை நிறுத்துவது என்று கேட்பார்கள். புதிதாகத் திறக்கும் பக்கம் ஏற்கெனவே படித்ததையே வேறு சொற்களில் சொல்லத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். நாவலைத் திறந்து வைக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் எழுதுவதைத் தள்ளிப்போடும் சாக்கு. எனக்கு அனுபவம் உண்டு.

அந்தத் தப்பான மேற்கோளை நான் இன்னும் விடவில்லை. ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் அதைப் பலகையில் எழுதிப்போட்டு, கால் மணி நேரத்துக்குள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். சிலர் மேற்கோள் தளத்தைக் காட்டி, "இதோ இருக்கிறது மேடம்" என்பார்கள். சிலர் சாட்பாட்டைக் கேட்டு ஒரு அத்தியாய எண்ணோடு வருவார்கள். இந்த வருடம் ஒருவர் 1818, 1831 இரண்டு பாடத்தையும் திறந்து வைத்துக்கொண்டு நாலு நிமிடம் தேடினார். பிறகு கையைத் தூக்கி, "இரண்டிலுமே இல்லையே மேடம், நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார்.